கருணை மார்க்

"செவ்வாய்க்கிழமை நான் சிரிச்சேன்னு எழுதியிருக்க."

"சிரிச்சல்ல? பால்காரர் வந்து அந்த மாட்டுக் கதையைச் சொன்னப்போ..."

"பால்காரர்தான் சிரிச்சாரு. நான் பாத்திரத்தை நீட்டிக்கிட்டு நின்னேன்."

"உதடு விரிஞ்சுது அக்கா, நான் பார்த்தேனே, இந்த ரெண்டு கண்ணால..."

"உதடு விரிஞ்சா சிரிப்பாயிடுமா? முப்பது வருஷமா பல்லு செய்யறேன். உதடு எதுக்கெல்லாம் விரியும்னு எனக்குத் தெரியாதா?"

"இதுக்குத்தான் இந்த நோட்டை உன் கையில குடுக்கவே..."

"நீ எங்க குடுத்த? உன் கை உடைஞ்சுது. நோட்டு என் கைக்கு வந்துது."

ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி குறுக்கே விழுந்து பேசினாலும் அதைச் சண்டை என்று சொல்வதற்கில்லை. சூடெல்லாம் ஒரு பக்கம்தான். தங்கைக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அக்காவோ ரயில் நேரம் பார்க்கிறவளைப் போல நோட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கையை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான். முப்பத்தோரு வருஷம் கணக்குப் பாடம் நடத்திவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவள். கூடப் பிறந்த அக்காவே ஒரு காலத்தில் கேலிக்கு டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்து, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுடைய வலது கையில் முழங்கைக்குக் கீழேயிருந்து விரல் கணு வரைக்கும் மாவுக்கட்டு. மணிக்கட்டு எலும்பு முறிந்து இரண்டு நாள் ஆகிறது. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்காவுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம். டீச்சருக்கு அந்த வம்பே வாய்க்கவில்லை.

அக்கா வேலை செய்வது பல் கட்டும் கூடத்தில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு இழைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, முழு வரிசையாகச் செய்து கொடுக்கிற இடம். அங்கே முன்பல் வேலை அவளுடையது. முன்பல்லில்தான் ஆளின் முகமே இருக்கிறது என்பதால் அதை வேறு யாரிடமும் முதலாளி கொடுக்க மாட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கை நடுங்கும் வியாதி வந்தது. முதலில் கட்டைவிரல் மட்டும். அப்புறம் முழுக் கை. அப்புறம் நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்வது. முதலாளி நல்ல மனிதர். முன்பல்லிலிருந்து கடைவாய்ப்பல்லுக்கு, கடைவாய்ப்பல்லிலிருந்து மெருகு போடுவதற்கு என்று படிப்படியாக இறக்கி, கடைசியில் கொஞ்ச நாள் வீட்டில் இருங்களேன் என்றார். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷம் நீண்டது.

ஆறு மாதத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார்கள். மண்டை ஓட்டில் இரண்டு துளை போட்டு, மூளையின் அடி ஆழத்துக்கு இரண்டு மெல்லிய கம்பிகளை இறக்கி, கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு பேட்டரியை வைத்தார்கள். கம்பி போட்டால் கை நடுக்கம் நிற்பது பழைய செய்தி. இந்தக் கருவியில் புதுசு என்னவென்றால், இது காது கொடுத்துக் கேட்கும். டாக்டரம்மா அதைத் தாளில் படம் போட்டுச் சொன்னார். நடுக்கம் வரும்போது மூளைக்குள் ஒரு அலை எழும்புமாம். கருவி அந்த அலையைக் கேட்டு, வேண்டிய நேரத்தில் மின்சாரத்தைக் கூட்டி, வேண்டாத நேரத்தில் தானே குறைத்துக்கொள்ளுமாம். எவ்வளவு வரைக்கும் கூடலாம் என்ற எல்லையை மட்டும் டாக்டர் மாதாமாதம் வைப்பார்.

"மனசுக்கு என்ன அலைன்னு இன்னும் யாருக்கும் பிடிபடல," என்று அவர் டீச்சர் பக்கம் திரும்பிச் சொன்னார். "அதனால மனசுக்கு நீங்கதான் கருவி." சொல்லிவிட்டு ஒரு நீல நோட்டைக் கொடுத்தார். நாளுக்கு ஒரு பக்கம். ஏழு கேள்வி. முதல் மூன்றும் கை, நடை, தூக்கம். மற்ற நான்கும் மனசு. இன்று சிரித்தாரா? தானாக யாரையாவது ஏதாவது கேட்டாரா? யாரும் சொல்லாமல் ஒரு வேலையைத் தொடங்கினாரா? அடுத்தவர் விஷயத்தில் அக்கறை காட்டினாரா? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மார்க்.

டீச்சர் அந்த நோட்டுக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டாள். புதுசாக ஒரு சிவப்புப் பேனா வாங்கினாள்.

கை நின்றது. அதைச் சும்மா சொல்லக்கூடாது, ஆணி அடித்த மாதிரி நின்றது. இரண்டாவது மாதமே அக்கா கூடத்துக்குத் திரும்பினாள், நான்காவது மாதம் முன்பல் அவளிடம் வந்தது. கையோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் நின்றுபோயிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொட்ட மாதிரி இருக்குமே, அந்த மாதிரி. வலிக்காது, எரியாது, இடம் மட்டும் இருக்கும். அது அக்காவுக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததில் அவளுக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. கஷ்டப்படுவதற்கு வேண்டியதும் அதோடு போய்விட்டதே.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளியூரிலிருந்து மகன் போனில் பேசுவான். ம், ம், சரி என்று சொல்லிவிட்டு அக்கா போனைத் தங்கையிடம் நீட்டிவிடுவாள். அம்மா இப்போ எவ்வளவு அமைதியா ஆயிட்டாங்க சித்தி, முன்னெல்லாம் எதையாவது நோண்டி நோண்டிக் கேட்பாங்களே என்று அவன் சந்தோஷப்பட்டுக்கொள்வான். சித்தி ஆமாம்ப்பா என்பாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் பேசி முடித்து அரைமணி ஆகியிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. ஆறு மாதம் முடிகிறது, நோட்டைப் பார்த்து ஒரு வருஷத்துக்கான அளவை உறுதி செய்யப்போகிறார்கள். இரண்டு நாள் பக்கங்கள் காலியாக இருக்கிறதே, டீச்சருக்குத்தான் எழுத முடியாதே என்று அக்கா நோட்டைத் திறந்தாள். அப்படித்தான் அந்தப் பழுப்பு அட்டைக்குள்ளே தான் எப்படிப்பட்ட ஆளாக வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. சிரிக்கிறாள். கேள்வி கேட்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் காய்ச்சலை விசாரிக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் மூன்று, மூன்று, நான்கு, மூன்று.

"முதல் மாசம் இப்படி இல்ல," என்றாள் அக்கா. "முதல் மாசம் ஒண்ணு, பூஜ்யம், ஒண்ணுன்னு சரியாத்தான் போட்டிருக்க. அப்புறம் எங்கிருந்து வந்துது இந்த மூணெல்லாம்?"

டீச்சர் கட்டுப் போட்ட கையை மேசைமேல் தூக்கி வைத்தாள். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளும்போது அவள் செய்கிற காரியம் அது. முன்பு கையில் சாக்கட்டியை உருட்டுவாள்.

"மாசக் கடைசியில கூட்டிப் பார்த்தேன். பெயிலான பிள்ளையோட ரிப்போர்ட் மாதிரி இருந்துது. நம்ம வீட்டு ஆளைப் பத்தி அப்படி ஒரு தாள் வெளிய போகலாமா அக்கா?"

அவள் திருத்திய விடைத்தாள்களின் கதை அந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். எல்லைக்கோட்டுக்கு இரண்டு மார்க் கீழே நிற்கிற பிள்ளையை அவள் விட்டதே இல்லை. எங்கேயாவது ஒரு படிநிலைக்கு அரை, சுத்தமாக எழுதியதற்கு ஒன்று என்று தேடித் தேடிப் போட்டுக் கரையேற்றிவிடுவாள். அதற்குக் கருணை மார்க் என்று பெயர். அதில் தேறி என்ஜினியர் ஆனவன்கூட ஒருத்தன் இருக்கிறான். அவன் கட்டிய பாலத்தில் மட்டும் டீச்சர் போகமாட்டாள் என்று ஆசிரியர் அறையில் ஒரு கேலி உண்டு. அந்தக் கையே இந்த நோட்டிலும் தானாக உயர்ந்துவிட்டது. இரண்டாவது மாதம் நோட்டைப் பார்த்த டாக்டரம்மா, மனசு நன்றாக இருக்கிறது, கையை இன்னும் கொஞ்சம் நிதானப்படுத்தலாம் என்று எல்லையை ஒரு படி ஏற்றினார். நான்காவது மாதம் இன்னொரு படி.

அக்கா ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "இதுல நாலு போட்டிருக்க. முழு மார்க்கு."

அது வெள்ளைக்காரர் செத்த நாள். கூடத்தில் அச்சுகளுக்குள் வெள்ளை ஜிப்சம் மாவு கலந்து ஊற்றுகிறவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தலை, புருவம், செருப்பு எல்லாம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். பத்தொன்பது வருஷம் அக்காவுக்குப் பக்கத்து மேசை. காலையில் மாரடைப்பு, மதியம் இவர்கள் போனபோது கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மேல்வாய் உள்ளே போய், உதடு சுருங்கி, வேறு யாரோ மாதிரி இருந்தது. அக்கா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு அவர் மனைவியிடம் மேல் பல்செட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். அந்த அம்மா ஜன்னலோரத்து டம்ளரைக் காட்டினாள். அக்கா அதை எடுத்துக் குழாயில் கழுவி, துடைத்து, அவர் வாயைத் திறந்து, தான் செய்த பல் வரிசையை அதன் இடத்தில் உட்கார வைத்தாள். கட்டைவிரலால் ஒரு அழுத்து. முகம் திரும்பி வந்துவிட்டது. அறையே அழுதது. அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா உருளைக்கிழங்கை வேக வைத்துச் சாப்பிட்டாள்.

"அது அக்கறை இல்லையா?" என்றாள் டீச்சர். "அதுக்கும் நாலு போடக்கூடாதா?"

"பல்லு இல்லாம இருந்துது. வெச்சேன்."

"அக்கா..."

"வேற ஒண்ணும் இல்ல டீச்சர். நீ இருக்கும்னு நினைச்ச. நானும் தேடிப் பார்த்தேன்."

டீச்சர் எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நோட்டு இருக்கிறபடியே போகட்டும் என்றாள். சொன்னால் நாளைக்கே மின்சாரத்தைக் குறைப்பார்கள், குறைத்தால் கை பழையபடி ஆடும், கூடத்து வேலை போகும். ரெண்டு வருஷம் ஸ்பூனைப் பார்த்துப் பார்த்து அழுதியே, மறந்துபோச்சா என்று கேட்டாள். அக்காவுக்கு மறக்கவில்லை. ஸ்பூன் நினைவிருந்தது, சட்டையில் கொட்டிய கஞ்சி நினைவிருந்தது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒருத்தி அழுததும் நினைவிருந்தது. அந்த ஒருத்தி தான்தான் என்பதும் தெரிந்தது, பள்ளிக்கூடத்துப் புகைப்படத்தில் மூன்றாவது வரிசையில் இருப்பது நாம்தான் என்று தெரிகிற மாதிரி.

"நாளைக்குச் சொல்லிடறேன்," என்றாள்.

"உனக்கே மனசு திரும்பணும்னு இல்லையே. அப்புறம் எதுக்கு?"

அதற்கு அக்கா கொஞ்சம் யோசித்தாள். அச்சு தப்பாக இருந்தால் அதன்மேல் எவ்வளவு அழகாகப் பல் கட்டினாலும் வாயில் உட்காராது. திருப்பி அனுப்பி மறுபடி அச்செடுக்கச் சொல்லுவாள். முப்பது வருஷப் பழக்கம். அதைத்தான் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"வெள்ளிக்கிழமை நீ விழுந்தப்போ துணி மெஷின் பதினொண்ணு காட்டுச்சு."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை.

"இன்னும் பதினோரு நிமிஷம்னு காட்டுச்சு. நீ பாத்ரூம்லேருந்து அக்கான்னு கூப்பிட்ட. கேட்டுச்சு. போகணும்னு தெரிஞ்சுது. போகணும்னு தோணல. மெஷின் நின்னு கத்துனதும் எழுந்து வந்தேன்."

டீச்சர் அந்த இரண்டு நாளாக எலும்பு டாக்டரிடமும் பால்காரரிடமும் அக்கா மகனிடமும் ஒரே கதையைத்தான் சொல்லியிருந்தாள்: விழுந்த உடனே அக்கா ஓடி வந்துட்டா.

"மெஷின் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காதுன்னு நினைச்சேன்," என்றாள்.

"கேட்டுச்சு."

டீச்சர் இடது கையால் டீ டம்ளரை எடுக்கப் பார்த்தாள், பிடி சரியாக விழாமல் மேசையில் சிந்தியது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் துணி எங்கே என்று கேட்ட பிறகு எழுந்து போய்த் துணி எடுத்து வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அக்கா ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, நினைவிருந்த நாட்களில் எல்லாம் சிவப்பு மார்க்குக்குப் பக்கத்தில் தன் மார்க்கை எழுதினாள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெழுகு சீவுகிற மாதிரி, அவசரம் இல்லாமல், ஒரே சீராக. பெரும்பாலும் பூஜ்யம். டீச்சர் குளித்துத் தயாராகி வந்து கதவருகே நின்று அதைப் பார்த்தாள். பூஜ்யத்தையும் எவ்வளவு உருண்டையாகப் போடுகிறாள் என்பது கண்ணில் பட்டது போலும், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் மூளையின் குறுக்குவெட்டுப் படம், அதன் ஓரத்தில் யாரோ பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த தடம். அவர் முதல் பத்துப் பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் நிதானமாக நடுவில் பத்து. இது யார் எழுதியது என்று பென்சிலைக் காட்டிக் கேட்டார். நான் என்றாள் அக்கா. சிவப்பு நான் என்றாள் டீச்சர், காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளை எழுந்து நிற்கிற குரலில். முப்பத்தோரு வருஷம் எதிர்ப் பக்கத்திலேயே உட்கார்ந்தவளுக்கு இந்தப் பக்கத்து நாற்காலி எப்படி இருக்கும் என்று தெரியாமலே போயிருந்தது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இந்த ஆராய்ச்சியில் நாற்பது பேர் இருக்கிறார்கள், நாற்பது நோட்டு இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மற்ற முப்பத்தொன்பதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதைச் சொல்லவில்லை.

பிறகு விளக்கினார். கை நிற்கிற இடத்துக்கும் மனசு எழுகிற இடத்துக்கும் நடுவில் மயிரிழைதான் தூரம். மின்சாரம் கூடினால் பக்கத்துக்கும் பரவும். கை நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையையும் பாதியாகக் குறைத்திருந்தோம், அதுவும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கே இன்னும் தெரியாது. எல்லையை இறக்கிப் பார்க்கலாம், மாத்திரையைக் கொஞ்சம் ஏற்றலாம். இறக்கினால் கையில் தெரிவது இன்றைக்கே தெரியும். மனசில் தெரிவதற்குச் சில வாரம் ஆகலாம். தெரியாமலும் போகலாம்.

அவர் கருவியின் அளவை மாற்றும் கையகல டேப்லெட் கம்ப்யூட்டரை எடுத்து, அக்காவை இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். ஒரு படி இறக்கினார். கை அப்படியே இருந்தது. இரண்டாவது படி. சுண்டுவிரல் ஒரு தரம் துள்ளி நின்றது. மூன்றாவது படிக்குப் போனபோது வலது கை முழுவதும், பஸ் என்ஜின் ஓடும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி, லேசாக ஆடத் தொடங்கியது. அக்கா அதைப் பார்த்தாள். பழைய நடுக்கத்தில் பாதிகூட இல்லை. முன்பல் நடுவதற்கு மட்டும் ஆகாது.

"மறுபடி ஏத்திடலாம், ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டர். "உங்களுக்கு எது வேணும்? அதைச் சொல்லுங்க."

"வேணுங்கறதுதான் இல்லீங்களே டாக்டர்."

டாக்டர் டேப்லெட்டைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். அக்கா டீச்சரின் மாவுக்கட்டைப் பார்த்தாள். கட்டைவிரல் பக்கம் மாவு அதிகமாகிக் கனத்திருந்தது. வெள்ளைக்காரர் ஊற்றியிருந்தால் அப்படி விட்டிருக்கமாட்டார். அடுத்த தடவை டீச்சர் விழும்போது மெஷின் பதினொன்றுதான் காட்டும் என்று சொல்ல முடியாது. துணியை அப்போதுதான் போட்டிருந்தால் ஐம்பது காட்டும். அது கணக்கு. கணக்குக்கு மனசு வேண்டியதில்லை.

"மூணு படி இறக்கிடுங்க," என்றாள்.

"ரெண்டு போதும் டாக்டர்," என்றாள் டீச்சர் உடனே. "ரெண்டுலயே கை நிக்குதே. மூணு வேண்டாமே."

"மூணு."

"ரெண்டரை இல்லையா அதுல?"

டாக்டர் சிரித்துவிட்டார். டீச்சர் கேலிக்குக் கேட்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மூன்று என்று பதிந்துகொண்டார். இனிமேல் இரண்டு நோட்டு என்றார். ஒன்று நோயாளிக்கு, ஒன்று வீட்டாருக்கு. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது.

முதலாளி இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. அக்காவின் கையை ஒரு நிமிஷம் பார்த்தார், வெள்ளைக்காரரின் மேசை காலியாகத்தான் இருக்கிறது என்றார். மாவு கலக்குவதற்குக் கை ஆடினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. குமிழி வராமல் இருக்க அச்சைத் தட்டித் தட்டித்தானே ஊற்றவேண்டும், அது தானாகவே நடந்துவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் முதலில் கவனமாகப் பேசினார்கள். நான்காவது நாள் ஒருத்தர், தட்டுற மெஷினே வாங்க வேண்டாம் போலிருக்கே என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்காவும் அவர்களைப் பார்த்தாள். சாயங்காலம் தலையும் புருவமும் வெள்ளையாக வீட்டுக்கு வந்தாள். டீச்சர் கதவைத் திறந்துவிட்டு ஒரு கணம் அப்படியே நின்றாள். அப்புறம் துண்டை எடுத்து நீட்டினாள்.

தன் நோட்டில் அக்கா அன்றைக்கும் பூஜ்யம்தான் போட்டாள். கை ஆடியதில் பூஜ்யம் உருண்டையாக வரவில்லை.

மகன் ஞாயிற்றுக்கிழமை பேசினான். ஆராய்ச்சியில் இருக்கிறவர்களிடம் எதற்கு இதையெல்லாம் சொல்லப்போனாய் என்று சித்தியைக் கோபித்துக்கொண்டான். நான் சொல்லலப்பா, உங்கம்மாதான் சொன்னா என்றாள் டீச்சர். அவன் நம்பவில்லை.

அப்படியே இரண்டரை வாரம் போனது. ஒரு நாள் போல இன்னொரு நாள். அக்கா எழுந்தாள், மாவு கலக்கினாள், சாப்பிட்டாள், படுத்தாள். மரத்துப்போனது மரத்துப்போனபடியேதான் இருந்தது. ஒரே ஒரு காலையில், வெள்ளைக்காரரின் இழுப்பறையில் மாவு கலக்குகிற ஸ்பாட்டுலாவைத் தேடும்போது, பாதி தின்று காகிதத்தில் சுற்றி வைத்த பிஸ்கட் பொட்டலம் ஒன்று கையில் பட்டது. அதை எடுத்துக் குப்பையில் போடப் போனவள், போடாமல் திருப்பி வைத்து இழுப்பறையை மூடினாள். ஏன் என்று தெரியவில்லை. அதற்கு எத்தனை மார்க் என்றும் தெரியாததால் நோட்டில் எழுதவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். துணி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவினாள். கத்தி ஆடுவதால் தோலோடு சதையும் கனமாக வந்தது. டீச்சர் அந்தப் பக்கம் உட்கார்ந்து இடது கையால் தன் நோட்டை எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடாமல் மறைக்கிறவளைப் போல, மாவுக்கட்டுப் போட்ட கையை வளைத்து நோட்டைச் சுற்றி வேலி போட்டிருந்தாள். எழுத்து ஒவ்வொன்றாக, கோணல் மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி வந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

மெஷின் சுற்றுவதை நிறுத்தித் தண்ணீரை வெளியே விட்டது. அப்புறம் வேகமெடுத்துத் தரையே அதிர ஆரம்பித்தது. அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பது என்று காட்டியது.

கத்தி நின்றது. கையில் இருந்த கிழங்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் மெஷினைப் பார்த்தாள், மூடியிருந்த பாத்ரூம் கதவைப் பார்த்தாள், மறுபடி மெஷினைப் பார்த்தாள். எட்டு. அந்த எட்டு ஏழாகிற வரைக்கும் அவள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லுக்குப் போட்ட ஊசியின் மரப்பு விலகத் தொடங்கும்போது உதட்டோரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஏதாவது தெரிகிறதா என்றால், அப்படியும் ஒன்றும் இல்லை. ஒரு கணக்கில் ஓர் எண் இடிக்கிற மாதிரி மட்டும் இருந்தது.

"டீச்சர்," என்றாள்.

டீச்சர் நிமிரவில்லை. கட்டுப் போட்ட கையை இன்னும் கொஞ்சம் நோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ ஒரு தடவைதான் கூப்பிட்ட. பதினோரு நிமிஷம் தரையில கிடந்திருக்க. ரெண்டாவது தடவை ஏன் கூப்பிடல?"